குதிகாலுக்குத் தெரிந்த இடம்

அக்காவுக்கு,

நலம்தானே? ஜவ்வரிசி மில்லில் மேஸ்திரி ஆன பிறகு நீ என்னிடம் பேசுவதில்லை. மூட்டை தூக்கி வந்த முதுகுவலியால் நான் வேலையை விட்டு நின்றுவிட்டேன்.

நஷ்டஈடு கேட்டு லேபர் ஆபீசுக்குப் போனால் ஆபீசர், "ஸ்கேன்ல ஒன்னும் இல்லியேம்மா. வலி மில்லுலதான் வந்துச்சுன்றதுக்கு இன்னா சாட்சி?" என்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மில்லில் மதியம் சோறு தின்றதும் மாவு காயும் களத்தில் குப்புறப் படுப்பேன். "ஆடாத படுடி, சங்கு ஊதிடப் போவுது" என்று முதுகில் ஏறி மிதிப்பாய். எங்கே வலி என்று ஒருநாளும் கேட்டதில்லை. மாவு ஒட்டிய உன் குதிகால் நேராக அங்கேதான் போய் நிற்கும்.

புதன்கிழமை மறுபடி விசாரணை. உன்னை வா என்று எழுதவில்லை. உன் வேலை போய்விடும் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் நைனார்பாளையத்தில் கள்ளக்குறிச்சி பஸ் ஏறியதும், பழையபடி பக்கத்து சீட்டில் துண்டு போட்டு வைப்பேன். உன் ஸ்டாப்பிங் தாண்டும்வரை எடுக்க மாட்டேன்.

உன்னோடு மூட்டை பிடித்தவள்