சீர்வரிசையில் ஒரு வெறுந்தட்டு

மச்சான்,

காலையிலிருந்து உன் பித்தளைத் தட்டைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். கோபம் வந்தால் எனக்கு எதையாவது தேய்த்தாக வேண்டும். வேலை நாளாக இருந்தால் பட்டறையில் இரும்பு கிடைக்கும். இன்று ஞாயிற்றுக்கிழமை, இதுதான் கிடைத்தது. கையெல்லாம் புளி நாற்றம். நேற்று நம் பள்ளிக்கூடத்தில் கல்விச் சீர் நடந்தது, நீ இல்லாமல் நடந்த முதல் சீர். அதை உன்னிடம் கத்தாமல் வேறு யாரிடம் போய்க் கத்துவது?

நீ இதைத் தொடங்கிய நாள் நினைவிருக்கிறதா? பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு வாசலில், நீ ஓட்டுகிற ஷேர் ஆட்டோவில் ஆள் நிறையட்டும் என்று காத்திருந்தாய். கல்யாணத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் மேளம் கொட்டித் தட்டுத் தட்டாய்ச் சீர் தூக்குகிறோமே, வேறு ஊர்களில் அரசுப் பள்ளிக்கூடத்துக்கே அப்படித் தூக்குகிறார்களாம், நாமும் தூக்கினால் என்ன என்றாய். தூக்கினோம். நாற்காலி, மின்விசிறி, தண்ணீர் டிரம், சாக்பீஸ், ஒரு பீரோ. எனக்குப் பிள்ளை இல்லை. பெற்றோர் கூட்டத்தில் நிற்கக் கூச்சப்பட்டு நான் பின்னால் ஒதுங்கியபோது, முதுகில் கைவைத்துத் தள்ளினாய்.

"சீருன்னா மாமன் முன்னால போவணும் மச்சான். இத்தினி புள்ளைங்களுக்கும் நீதான் தாய்மாமன். நட."

மாமன் கையில் நீ கொடுத்தது இந்தத் தட்டு. அதில் ஒன்றுமே இல்லை. சீர் ஊர்வலத்தில் வெறுந்தட்டு வருவது அபசகுனம் என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். "ஸ்கூலு காலியா கீறது மட்டும் நல்ல சகுனமா?" என்று கேட்டாய். அப்புறம் மைக்கைப் பிடித்து அர்த்தத்தைச் சொன்னாய். யார் தன் பிள்ளையை இந்தப் பள்ளியில் சேர்க்கிறார்களோ, அவர்கள் மட்டும் இந்தத் தட்டில் வெற்றிலை பாக்கு வைக்கலாம். அவ்வளவுதான். பீரோ கொடுத்தவர் வாட்ச்சைப் பார்த்தார். மின்விசிறி இறக்கையில் தன் பெயரை எழுதிக்கொண்டு வந்தவர் மேளக்காரரோடு பேசப் போய்விட்டார். கடைசியில் உன் வெற்றிலைதான் முதல் வெற்றிலை. உன் மகளை அன்றைக்கு ஒன்றாம் வகுப்பில் சேர்த்தாய்.

"சீர் குடுப்பானுங்க மச்சான், புள்ளயத்தான் குடுக்க மாட்டானுங்க" என்று திரும்பும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றும் வரவில்லை.

எப்படி வரும்? மெட்ரோவுக்குத் தூண் மேல் தூணாக நிற்கிறது. நாடு எங்கேயோ போய்விட்டது என்று டிவியில் தினமும் சொல்கிறார்கள். போன வாரம் என் பட்டறைக்கு ஓர் இளைஞன் வேலை கேட்டு வந்தான். வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பொறியியல் படித்தவன், நல்ல பிள்ளை, மரியாதையான பேச்சு. முக்கால் அங்குல அகல இரும்புப் பட்டையின் நடுவில் துளை போட வேண்டும், ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளிக் குறிப்பாய் என்று கேட்டேன். பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான். அவன் மேல் எனக்குக் கோபமே இல்லை. மழலையர் வகுப்பிலிருந்து அவன் அப்பன் ஆத்தாளைக் கசக்கிப் பிழிந்துவிட்டு, பாதி என்றால் என்ன என்று கூடச் சொல்லித்தராமல் பட்டம் கட்டி அனுப்பினார்களே, அவர்களை யார் கேட்பது? அரசாங்கப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் இடம் காலியாகவே கிடக்கிறது. இருக்கிற டீச்சர்களையும் வாக்காளர் பட்டியல், அந்தக் கணக்கெடுப்பு, இந்தக் கணக்கெடுப்பு என்று தெருத்தெருவாக அலைய விடுகிறார்கள். இப்படி இருந்துகொண்டு வல்லரசு வேறு! வயிறு எரிகிறது மச்சான்.

"காசு குட்த்தாத்தான் படிப்புன்னா அது படிப்பே இல்ல, டிக்கெட்டு" என்பாய் நீ. இன்னொன்றும் சொல்வாய்: "கவுன்சிலரு புள்ளயும் என் புள்ளயும் ஒரே பெஞ்சில குந்திச்சின்னு வையி, கக்கூசுல தண்ணி தானா வரும்." எத்தனையோ படித்தவர்களின் பேச்சைக் கேட்டிருக்கிறேன். கல்வியைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சரி, நேற்றைய கதைக்கு வருகிறேன். உன் நினைவாகத்தான் சீர். பள்ளிப் பெயர்ப்பலகையை மறைக்கிற அளவுக்கு உன் படம் போட்டு பேனர். மாலையோடு நீ முறைத்துக்கொண்டிருந்தாய், எந்த ஆதார் அட்டையிலிருந்து எடுத்தார்களோ. மேளம், தட்டுகள், முன்னால் வெறுந்தட்டோடு நான். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மேடையில் சிறப்பு விருந்தினர் யார் தெரியுமா? நெடுஞ்சாலை ஓரத்தில் புதிதாகக் கட்டியிருக்கிறார்களே ஒரு தனியார்ப் பள்ளி, அதன் தாளாளர். நம் கல்விச் சீர்க் குழுவினரே போய் அழைத்திருக்கிறார்கள். அவர் எழுந்து, கண்கலங்க, கல்விக்காக உழைத்த இந்தச் சகோதரருக்கு நாம் செய்கிற மரியாதை என்று ஆரம்பித்தார். இந்தச் சகோதரருடைய மகளுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிப் படிப்பு முடியும்வரை எங்கள் பள்ளியில் எல்லாமே இலவசம் என்று முடித்தார்.

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். நம் குழுவினர் எழுந்து நின்று தட்டினார்கள். தலைமையாசிரியை என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் தட்டினார். அரசுப் பள்ளிக்காகவே நாயாய் அலைந்தவனுக்கு அவன் மகளை அதே பள்ளியிலிருந்து பெயர்த்துக்கொண்டு போவதுதான் மரியாதை என்று அத்தனை பேருக்கும் தோன்றியிருக்கிறது. ஒருவருக்குக்கூட உறுத்தவில்லை. இதை ஏற்பாடு செய்தவர்கள் வேற்று மனிதர்களா? உன்னோடு டீ குடித்தவர்கள். உன் மேல் இருக்கிற பாசத்தில்தான் செய்தார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள், நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற உன் மனைவி எழுந்துவிட்டாள். அம்பத்தூர் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவள். மைக்கைக்கூடக் கேட்டு வாங்கவில்லை.

"சார், உங்க மேல வருத்தம் இல்லிங்க. நல்ல மனசோடதான் சொல்றீங்க. ஆனா சீர ஒரு ஊட்டுக்குக் குட்த்துட்டு, பொண்ண இன்னொரு ஊட்டுக்கு அனுப்பற பழக்கம் எங்க ஜனத்துல இல்லிங்க. எம்பொண்ணு இங்கியே படிக்கட்டும்."

அப்படியே நடந்து வந்து என் கையிலிருந்த தட்டில் வெற்றிலையை வைத்தாள். புருஷனை இழந்தவள் சீர்த்தட்டைத் தொடலாமா என்று ஒரு குரல் கேட்டது. தங்கச்சி அந்தப் பக்கமே திரும்பவில்லை. அதற்கும் கைதட்டினார்கள் மச்சான்! சிலர் போனில் படம்கூடப் பிடித்தார்கள். நான் தட்டை நீட்டிக்கொண்டு வரிசை வரிசையாகப் போனேன். கும்பிட்டார்கள், தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வெற்றிலையை யாரும் வைக்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் இன்று இவ்வளவு எரிச்சல் இருக்காது. சாயங்காலம் தட்டை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் மகள் உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தங்கச்சி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அண்ணா, வீம்புக்குச் சொல்லிட்டனா? ஆறாவதுக்குக் கணக்கு டீச்சரே இல்லியாமே. நாளைக்கு அவ ஒண்ணும் தெரியாம நின்னா, உங்கப்பன் பேச்சக் கேட்டுத்தான்னு அவகிட்ட நான் சொல்ல முடியுமா?"

நீ இருந்திருந்தால் அவளுக்கு என்ன சொல்லியிருப்பாய்? கொள்கையைக் காப்பாற்ற இந்த நாட்டில் கடைசியில் ஒரு பேக்கிங் வேலைக்காரி தன் ஒரே பெண்ணைப் பணயம் வைக்க வேண்டியிருக்கிறது. அத்தனை பெரிய அரசாங்கம் ஒரு கணக்கு டீச்சரை அனுப்பாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. நம் ஆட்கள் மின்விசிறி வாங்கி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். டீச்சர் இல்லாத வகுப்பில் அது யாருக்கு வீசும்?

"இந்தத் தட்டு இன்னும் ரெண்டு நாள் எங்கிட்டயே இருக்கட்டும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது தட்டு பளபளவென்றிருக்கிறது. உன் மனைவி வைத்த வெற்றிலை வாடிவிட்டது, அதை எடுத்து உன் படத்தடியில் வைத்தாயிற்று. நாளை பட்டறைக்கு லீவு. தங்கச்சியும் வருகிறாள். கல்வி அலுவலகத்துக்குப் போகிறோம், மனு எதுவும் எழுதவில்லை. நாம் எழுதின மனுக்களை அங்கே என்ன செய்தார்கள் என்று உனக்குத் தெரியும். அதிகாரி மேசைமேல் இந்த வெறுந்தட்டை வைக்கப்போகிறேன். இவ்வளவு வருஷம் சீர் நாங்கள் கொண்டுவந்தோம், இந்தத் தடவை நீங்கள் வையுங்கள், ஒரு கணக்கு டீச்சர் போதும் என்று கேட்பேன். நிரம்பாமல் தட்டை எடுப்பதாக இல்லை. வெளியே போகச் சொன்னால் வாசலில் உட்காருவேன். பைத்தியக்காரன் என்பார்கள், சொல்லிக்கொள்ளட்டும். மாமன் சும்மா வருவானா?

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, உன்னிடம் மறைப்பானேன். ஆபீஸ் படி என்றாலே கால் பின்வாங்கும் ஆள் நான். ஆனால் நீ கைவைத்துத் தள்ளினாயே, முதுகில் அந்த இடத்தில் உன் உள்ளங்கை இன்னும் அப்படியே இருக்கிறது.

நடக்கிறேன் மச்சான்.