அப்பா வெட்டிய சட்டைகள்

மேல் பிரிவு லயம்,
மஸ்கெலியா.
தை வெள்ளி.

அன்பு மகள் பிரேமினிக்கு அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். நாங்கள் சுகம் என்று எழுதக் கை போனது. இனி நாங்கள் என்று எழுத யார் இருக்கிறார்கள்? நான் சுகம். மாப்பிள்ளை என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படாதே. இனிமேல் அப்படித்தான் எழுதுவேன்.

என் போனை நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் நான் அழுவேன், சொல்ல வந்தது பாதியில் நிற்கும். அதனால்தான் கடிதம். கோபம் வந்தாலும் கடைசிவரை வாசித்துவிடு.

உன் அப்பாவின் முப்பத்தோராம் நாள் காரியம் போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. சனம் சாப்பிட்டுப் போன பிறகு, உன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த துஷாந்த் வீட்டுக்குப் பின்னால் வந்து தயங்கித் தயங்கி நின்றான். இப்போது அவன் ஆட்டோ ஓட்டுகிறான். அடக்கத்தன்று நீ ஹட்டனில் பஸ்ஸை விட்டு இறங்கி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவனுடைய ஆட்டோவில்தான் வந்தாயாம். கொழுந்து நிறுக்கிற மடுவம்வரை வந்துவிட்டு, மேலே சாவு வீட்டுத் தப்புச் சத்தம் கேட்டதும் நிறுத்தச் சொன்னாயாம்.

"'என் சட்டையெல்லாம் வெட்டி எறிஞ்ச மனுசன், துஷாந்த். உசுரோட இருந்தப்பவே என் மொகத்தப் பார்க்கப் புடிக்கல. கண்ண மூடுனதுக்குப் பொறகு நான் போயி முன்னால நின்னா அவருக்கு ஆகாது'ன்னு சொல்லி அழுதுச்சு, அத்தை. திருப்பச் சொன்னுச்சு. நானும் திருப்பிட்டேன்" என்றான்.

மடுவத்துக்கும் நம் லயத்து வீட்டுக்கும் நடுவில் என்ன தூரம் பிரேமினி? பலமாகக் கூப்பிட்டால் கேட்கும். நீ அங்கே நின்று அழுதிருக்கிறாய், நான் இங்கே அவர் தலைமாட்டில் அழுதிருக்கிறேன்.

சட்டை வெட்டிய கதை உனக்கு எப்படித் தெரியும் என்று யோசித்து, மறுநாள் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மீனம்மாவைக் கேட்டேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "நாந்தான் மதினி போன்ல சொன்னேன். அன்னைக்கு நீங்க போட்ட சத்தத்துல எனக்கு மனசு கேக்கல. அதுக்குப் பொறகு பிரேமினி என் போனையும் எடுக்கல. சாவுச் சேதிய மட்டும் மெசேஜா போட்டேன்" என்றாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. கண்ணால் கண்டதைத்தான் சொன்னாள். அவள் கண்டது பாதி. மிச்சத்தை நான் சொல்கிறேன்.

அப்பா தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும்போது மலையில் விழுந்து, பாரிசவாதம் என்று டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடந்தது உனக்குத் தெரியும். இடது கையும் காலும் சொன்னபடி கேட்கவில்லை. பேச்சும் குழறிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் கிளினிக்குக்குக் கூட்டிப் போவேன். அங்கே கைக்குப் பயிற்சி கொடுக்க தயானி மிஸ் என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை இருந்தார். துணித் துண்டுகளைச் சேர்த்துப் போர்வை தைப்பது அவருக்குப் பிடித்த வேலையாம். அதையே அப்பாவுக்கும் பயிற்சியாகக் கொடுத்தார்.

கெட்டிக் கடதாசியை ஆறு மூலை வைத்து, தேன்கூட்டுக் கண் மாதிரி வெட்டி வைத்திருப்பார். துணியை அதைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, கடதாசியைச் சுற்றி மடித்து, பிரியாமல் இருக்க நீளத் தையல் போட வேண்டும். பிறகு இரண்டு துண்டுகளின் ஓரத்தை ஒன்றாகப் பிடித்து நுணுக்கித் தைக்க வேண்டும். நடுவில் ஒன்று, சுற்றிவர ஆறு சேர்த்தால் ஒரு பூ. ஒரு துண்டின் எல்லாப் பக்கமும் மற்றத் துண்டுகளோடு சேர்ந்த பிறகுதான் அதன் கடதாசியை உருவ வேண்டும்.

"ஐயா, மடிப்பை இடக்கையால பிடிச்சுக்கொள்ளுங்கோ. பொம்பிளையளின்ர வேலை எண்டு நினைக்காதேங்கோ" என்று மிஸ் சொன்னபோது, அப்பா கோணல் வாயோடு சிரித்தார். விழுந்ததற்குப் பிறகு அன்றுதான் சிரித்தார்.

மிஸ் கொடுத்த துணி ஒரு நாள் தீர்ந்துபோயிருக்கிறது. நான் அது தெரியாமல் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டேன். வேலை முடிந்து கூடையோடு வந்தால், நீ விட்டுப்போன துணிப்பெட்டி திறந்து கிடக்கிறது. உன் வெள்ளை யூனிபோம், தீபாவளிக்கு எடுத்த நீலப்பூச் சட்டை, நீ கோயில் திருவிழாவுக்குக் கட்டிய பச்சைப் பாவாடை எல்லாம் துண்டு துண்டாகத் தரையில். நடுவில் அவர், கையில் கத்தரிக்கோல். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "பெத்த புள்ளைய வெட்டிவிட்டது போதாதா? அது உடுத்துன துணியையும் வெட்டணுமா?" என்று லயமே கேட்கக் கத்தினேன். அவர் என்னவோ சொல்ல வந்தார், நாக்கு புரளவில்லை. மடித்த துண்டு ஒன்றைத் தூக்கிக் காட்டினார். நான் அதைத் தட்டிவிட்டேன். மீனம்மா வாசலில் நின்று பார்த்தது இதைத்தான்.

சில நாள் அவரோடு பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போவேன். பிறகு அடைமழையில் வேலை இல்லாமல் வீட்டில் இருந்த ஒரு நாள், கோபம் ஆறித் திரும்பிப் பார்த்தேன். மடியில் பூப்பூவாக விரிந்து கிடந்தது. உன் யூனிபோம் வெள்ளை நடுவில், நீலம் சுற்றிவர. ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் அவர் திண்டாடினார். வாங்கிக் கோர்த்துக் கொடுத்தேன். "யாருக்கு இது?" என்று கேட்டேன். வெகுநேரம் வாயோடு போராடிவிட்டு, "சின்னதுக்கு" என்றார். எந்தச் சின்னதுக்கு என்றேன். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குக் கையைப் பிடித்துக் காட்டினார்.

மீனம்மா முன்பு போனில் உன் பிள்ளையின் படத்தைக் காட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்ட மனிதர் பிரேமினி. திருப்புவதற்குள் பார்த்திருக்கிறார்.

அப்போதே உனக்குச் சொல்கிறேன் என்றேன். விடவில்லை. "முடியட்டும். நான்... குடுக்குறேன்" என்றார். தடியை ஊன்றி ரயிலேறி வத்தளையில் உன் வீட்டுக்கு வருவதாகத்தான் அவர் எண்ணம். அதற்காகவே காலையில் லயத்து வாசலில் மேலும் கீழும் நடப்பார். நானும் ஒத்துக்கொண்டேன். அதுதான் இப்போது என்னைத் தின்கிறது. போர்வை முடியாவிட்டால் என்ன? அவர் அந்தத் துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்ததை நீ வந்து பார்த்திருக்கலாம். பிள்ளை அவர் மடியில் இருந்திருக்கும். ஆள் தேறி வருகிறார், காலம் கிடக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

மார்கழிக் குளிரில் ஒரு விடியற்காலை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி இழுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அடங்கிவிட்டார்.

நீ சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பையனைக் கட்டிக்கொண்டு வந்து நின்ற அன்று, வாசலை மிதிக்காதே என்று அவர் சொன்னது தப்புத்தான். நல்லவராக்கி எழுதவில்லை. வாய் இருந்தபோது மனது வரவில்லை, மனது வந்தபோது வாய் வரவில்லை. ஆனால் உன் துணியை வெறுப்பில் வெட்டினார் என்று மட்டும் நீ நினைத்துக்கொண்டு இருக்கக்கூடாது. உன் சடங்குக்கு எடுத்த மஞ்சள் சேலையை அவர் தொடவே இல்லை. மடிப்புக் கலையாமல் பெட்டியில் இருக்கிறது.

போர்வை பாதிக்குக் கொஞ்சம் மேல் வந்திருக்கிறது. முதலில் தைத்த பூக்கள் கோணல், நூலெல்லாம் முடிச்சு. போகப் போகத் தையல் நேராகிறது. கை தேறி வந்தது அதில் தெரிகிறது. ஓரத்துத் துண்டுகளில் கடதாசி இன்னும் அப்படியே உள்ளே இருக்கிறது. அடக்கத்துக்கு வந்த தயானி மிஸ் தான் முடித்துத் தருவதாகச் சொன்னார். வேண்டாம், முதலில் மகள் பார்க்கட்டும் என்றேன். தபாலில் அனுப்பவும் மனம் இல்லை.

நீ வா என்று கட்டாயப்படுத்த எனக்கு வாயில்லை. அன்றைக்கு அவர் பக்கத்தில் நின்று நானும் பேசாமல்தானே இருந்தேன்.

இங்கே இப்போது பனி கடுமை. விடிந்து வெகுநேரம் ஆகியும் மலை தெரிவதில்லை. கொழும்புப் பக்கத்துச் சட்டை பிள்ளைக்குப் போதாது. கம்பளிச் சட்டையும் காதை மூடுகிற தொப்பியும் எடுத்து வா. மாப்பிள்ளை என்ன விரும்பிச் சாப்பிடுவார் என்று துஷாந்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடு, நான் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை வாழையடி வாழையாக வாழட்டும்.

இப்படிக்கு,
உன் குரல் கேட்கக் காத்திருக்கும் அம்மா,
வீரம்மா.