எங்கள் பக்கத்துப் பிழை

அன்புள்ள மருமகளுக்கு,

பேத்திக்கு இந்த வாரம் ரத்தம் ஏற்றியாகிவிட்டதா? ஊசி குத்தும்போது அழுதாளா?

போன வாரம் நானும் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுத்தேன். முடிவு இன்று வந்தது. அவளுடைய நோய்க்குக் காரணமான மரபணுப் பிழையோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும்படி ஒரு சிறு டி.என்.ஏ. துண்டைச் செய்து வைத்திருக்கிறார்கள். முந்நூறு பக்கப் புத்தகத்தில் ஒரேயொரு எழுத்துப் பிழையைக் கண்டுபிடிக்கிற மாதிரி.

"சார், உங்க ரத்தத்துல ஒட்டிக்கிச்சு," என்றாள் அங்கிருந்த பெண்.

குழந்தையின் நோய் தெரியவந்த அன்று டாக்டர் முன்னால், "எங்க பக்கம் யாருக்கும் இது கிடையாது, அவங்க வீட்டுல விசாரிங்க," என்றேன். அன்றைக்கே நீ குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய்.

தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பிழை வந்தால்தான் இந்த நோய் வரும். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் பட்டாணிச் செடி வரைந்து முப்பது வருடம் இந்தப் பாடத்தைத்தான் நடத்தினேன். தெரியாமல் சொல்லவில்லை, அம்மா. என் தம்பி ஒருவன் நான்கு வயதில் வெளிறிப்போய் இறந்தான். அவன் இருந்ததையே உங்களிடம் மறைத்தேன்.

திரும்பி வா என்று கேட்க எனக்கு வாயில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவைப் பார்க்க வருகிறேன். டாக்டர் முன்னால் சொன்னது பொய் என்று அவரிடம் சொல்ல வேண்டும். நீ உள்ளறையிலேயே இருந்தாலும் சரி, சத்தமாகத்தான் சொல்வேன்.

தலைகுனிவுடன்,
உன் மாமா