தூணனின் நடை

3-ஆம் தேதி, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்குத் தம்பியின் வணக்கம்.

நலமா என்று கேட்டு ஒரு பத்தியை வீணாக்கப் போவதில்லை. கேட்டால் "இருக்கேன்" என்பாய், அதற்கு மேல் உன்னிடமிருந்து ஒரு சொல் பெயராது. இங்கே அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. குளியலறைக் குழாயை நானே மாற்றிவிட்டேன், இப்போது ஒழுகவில்லை. வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் துறைமுகத்தில் கிரேன் ஓட்ட மேலே ஏறும்போது நீ போனைக் கீழே பூட்டி வைத்துவிடுகிறாய், இறங்கியதும் தூங்கிவிடுகிறாய். தப்பித்தவறி எடுத்தாலும் பாதியிலேயே "சரி விடுடா" என்று வெட்டிவிடுவாய். கடிதத்தை வெட்ட முடியாது. முழுதும் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

விஷயம் இதுதான். உன்னைக் கேட்காமல் உன்னை ஒரு சினிமாவில் போட்டுவிட்டேன்.

ஒன்றரை வருஷமாக நான் மாரடிக்கும் அந்தப் பூதப் படம் முடிந்துவிட்டது. கதை ஒரு பழைய காமிக்ஸ் புத்தகத்தில் வந்தது. அணைக்கட்டுக்கு அடியில் தூங்கும் ஒரு பூதம், பேர் தூணன். அணைச் சுவரில் விரிசல் விழுந்ததும் விழித்துக்கொள்கிறது. அது சுவரை இடிக்க வந்ததாக நினைத்து ஊரே கல்லெறிகிறது. அது வந்ததோ சுவரைத் தாங்கிப் பிடிக்க. தூணனின் முகம் என் வேலை என்று உனக்குத் தெரியும். ரப்பர் தோலுக்குள் இருபத்தேழு மோட்டார். இமைக்கு நாலு, புருவத்துக்கு ஆறு, மிச்சமெல்லாம் கண்ணுக்கும் வாய்க்கும் கன்னத்துக்கும். உடைக்குள் இருப்பவர் ஒரு சண்டைப் பயிற்சியாளர், எல்லாருக்கும் மாஸ்டர். அவர் நடப்பார். நான் வெளியே நின்று ரிமோட்டில் முகத்தை அசைப்பேன்.

மோட்டாரில் ஒரு குறை சொல்ல முடியாது. நானே சொல்கிறேன், ஏனென்றால் வேறு யாருக்கும் அது புரியாது. ஆனால் முதல் நாள் படப்பிடிப்பில், தூணனோடு நடிக்க வந்த ஆறு வயசுப் பெண் குழந்தை அவனைப் பார்த்து வீலென்று கத்திவிட்டு வேனுக்குள் போய் ஒளிந்துகொண்டது. இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் இயக்குநர் எங்கள் பட்டறைக்கே வந்து, பொம்மை வேண்டாம், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைந்துகொள்ளலாம், நாளை ஒரு நாள் பார்ப்பேன், அப்புறம் நீங்கள் மூட்டை கட்டலாம் என்றார். நாங்கள் ஒன்பது பேர். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நான் மட்டும் திறந்து, என் மோட்டார் சரியாகத்தான் ஓடுகிறது என்றேன். சும்மா இருந்திருக்கலாம். உனக்குத்தான் தெரியுமே என் வாய்.

அவர் போனதும் மாஸ்டர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, தம்பி, மூஞ்சில தப்பில்ல, நடையிலதான் தப்பு, முப்பது வருஷமா அடிக்கத்தான் நடந்திருக்கேன், அணைக்க வர்றவன் எப்படி நடப்பான்னே எனக்குத் தெரியலயே என்றார்.

எனக்குத் தெரியும் என்றேன்.

வீடு மாறிய அன்று, லிஃப்ட் பழுதானதால் நீ தனியாக அலமாரியை முதுகில் சுமந்து மூன்று மாடி இறங்கினாயே, நினைவிருக்கிறதா? என் கேமரா தாங்கியைச் சோதிக்க உன் பின்னாலேயே வந்து அதைப் படம் எடுத்தேன். நடுவில் எதிர்வீட்டுத் தாத்தா ஊன்றுகோலோடு மேலே ஏறி வருகிறார். நீ சுவரோடு ஒட்டி நின்றுகொள்கிறாய். மனுஷன் பேசாமல் போனாரா? நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, ஏம்மா, மழை வருமா என்று கேட்கிறார். நீ முதுகில் அலமாரியோடு, வரும் போலிருக்கு தாத்தா, குடை எடுத்துக்கிட்டீங்களா, மெதுவா ஏறுங்க, ஒண்ணும் அவசரமில்ல என்கிறாய். அதை மாஸ்டருக்குப் போட்டுக் காட்டினேன். விடியும்வரை எத்தனை தடவை பார்த்தாரோ. வீட்டில் எடுத்த மற்றதையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் அவர் சொல்லச் சொல்ல நானும் கவனித்தேன். ஒரு அறைக்குள் நுழையும் முன் நீ லேசாக இருமுகிறாய், உள்ளே இருப்பவர்கள் திடுக்கிடாமல் இருக்க. நாற்காலியில் உட்காரும் முன் கையால் ஒருமுறை அழுத்திப் பார்க்கிறாய். நிலைப்படியில் குனிகிறாய், சரி, ஆனால் உள்ளே வந்த பிறகும் இரண்டு எட்டு குனிந்தே நடக்கிறாய். கண்ணாடித் தம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறாய். இருபத்தாறு வருஷம் கூடவே வளர்ந்தவன் நான், அக்கா. கண்ணை எங்கே வைத்திருந்தேனோ.

காலைக்குள் முகத்தின் நிரலை மாற்றினேன். முன்பெல்லாம் தூணன் ஆளைப் பார்த்த உடனே கண், புருவம், வாய் எல்லாம் ஒரே நேரத்தில் அசையும். நான் அதைத்தான் துல்லியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது முதலில் கண் தரையைப் பார்க்கும், அரை விநாடி கழித்துத்தான் ஆளைப் பார்க்கும், இமை பாதி தாழும். உன்னைப் போல.

நாலாம் நாள். தூணன் கதவுக்கு வெளியே நின்று இருமினான். குனிந்து உள்ளே வந்தான், இரண்டு எட்டு குனிந்தே நடந்தான், மர முக்காலியைக் கையால் அழுத்திப் பார்த்தான். வேன் கதவுக்குப் பின்னாலிருந்து அந்தக் குழந்தை எட்டிப் பார்த்தது. பிறகு தானாக நடந்து வந்து, இவ்ளோ உயரமா இருந்தா தலை இடிக்காதா, இடிச்சா வலிக்குமா என்று கேட்டது. அது வசனத்தில் இல்லவே இல்லை. இயக்குநர் கேமராவை நிறுத்தவில்லை. படத்தில் அப்படியே இருக்கிறது.

இனிமேல்தான் என் தப்பு வருகிறது.

உன் வீடியோக்களைப் பட்டறைப் பொதுக் கம்ப்யூட்டரில் ஒரு கோப்புறையில் போட்டு வைத்தேன். அதற்குப் 'பூதம்' என்று பேர் வைத்தேன். படத்தில் தூணனை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், அதனால் வைத்தேன். வைக்கும்போது தோன்றவில்லை. படம் உருவான விதத்தைக் குறும்படமாக எடுக்கிறவர்கள், பூதம் பற்றிய கோப்பு என்று அதை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். போன வாரம் வேலை செய்தவர்களுக்கு மட்டும் படம் போட்டார்கள். இருநூறு பேர். படத்துக்கு முன் அந்தக் குறும்படம். திரையில் இடது பக்கம் அலமாரியோடு நீ, வலது பக்கம் அணைச் சுவரைத் தாங்கும் தூணன். கீழே எழுத்தில் 'பூதம்'.

பள்ளிக்கூடத்தில் உன்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். யாராவது கேமராவை எடுத்தால் நீ அதை வாங்கி நீயே படம் எடுக்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். எனக்குத் தெரியாதது அல்ல.

கை தட்டினார்கள், அக்கா. உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, சத்தியமாக. எழுந்து நின்று தட்டினார்கள். நான் மட்டும் தட்டாமல் ஆபரேட்டர் அறைக்கு ஓடிப் போய்ச் சண்டை போட்டேன். அந்தத் துண்டை வெட்டச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். இருபதாம் தேதி வரை காத்திருப்பதாகச் சொல்கிறார்கள். நீ சம்மதித்தால் அது இருக்கும், அந்த எழுத்து மட்டும் போகும். வேண்டாமென்றால் போய்விடும், ஒரு பிரதிகூட மிஞ்சாது, நானே நின்று அழிப்பேன். என்ன செய்யலாமென்று நான் சொல்ல மாட்டேன். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அந்த உரிமை இல்லை.

சீக்கிரம் பதில் எழுது. காற்று பலமாக அடித்தால் மேலே ஏறாதே.

உன் தம்பி,
அவசரக்குடுக்கை


17-ஆம் தேதி, ஞாயிறு

அன்பும் மரியாதையும் கலந்து அக்காவுக்கு, மறுபடியும் நான்தான்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மொத்தம் பதினோரு வரி. அதில் ஏழு வரி வசவு. நான் பயந்தது போல அந்தப் பேருக்கு இல்லை. எருமை மாதிரி பின்னாடியே கேமராவைத் தூக்கிக்கிட்டு வந்தியே, அந்த அலமாரிக்கு ஒரு கை பிடிச்சா தேய்ஞ்சா போயிடுவே என்று. நியாயம்தான். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் மாத்திரையை விழுங்க மறந்துவிட்டாள்.

வெட்ட வேண்டாம், இருக்கட்டும் என்று நீ எழுதிய எட்டாவது வரியை மட்டும் சத்தமாக வாசிக்க எனக்கு வரவில்லை. காகிதத்தை அம்மாவிடமே கொடுத்துவிட்டேன்.

நீ சொன்னபடியே செய்துவிட்டார்கள். உன் பேர் இல்லை. படத்தின் முடிவில், மாஸ்டர் பேருக்கும் என் பேருக்கும் மேலே, 'தூணனின் நடை: அக்கா' என்று தனி வரி. இயக்குநர் யார் அந்த அக்கா என்று ஊரே கேட்குமே என்றார். கேட்கட்டும் என்றேன்.

இனி உன் கடைசி வரிக்கு வருகிறேன். இருபத்தெட்டாம் தேதி முதல் காட்சிக்கு நீ வர முடியாது என்கிறாய். லீவு இல்லை என்கிறாய். பொய். உன் மேற்பார்வையாளரிடம் நேற்றே பேசிவிட்டேன். நாலு வருஷமா அந்தப் பொண்ணு ஒரு நாள்கூட லீவு கேட்டதில்ல, ஒரு வாரம் கூட்டிட்டுப் போங்க, அவ கையால கன்டெய்னர் பெட்டி இறங்கினா முட்டை இறங்கின மாதிரி இருக்கும், எங்களுக்குத்தான் கஷ்டம் என்றார். எனக்கு மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது, அளந்து சொல்கிறேன். போட்டுக்கொள்ளத் துணி இல்லை என்கிறாய். அம்மா தைத்துக்கொண்டிருக்கிறாள், அளவு கேட்கவில்லை, மனப்பாடமாம்.

உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். நீ எழுதவில்லை, நான் எழுதுகிறேன்.

என் பட்டமளிப்பு விழா போட்டோ நம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதில் நீ என் தோள் உயரம்தான் இருப்பாய். வந்து பார்ப்பவர்கள் யாருக்கும் அது ஏனென்று தெரியாது. படம் எடுக்கும் முன் நான் உன் காதில், கொஞ்சம் கீழே நில்லுக்கா என்றேன். அங்கே கீழ்ப்படி எதுவும் இல்லை. முழங்காலை மடக்கிக்கொண்டு நின்றாய். போட்டோக்காரர் மூன்று தடவை எடுத்தார், மூன்று தடவையும் அப்படியே நின்றாய். சிரித்துக்கொண்டும் இருந்தாய். நான் கல்லூரியில் படித்ததெல்லாம் எடை, உயரம், தாங்குதிறன். அன்று என்னைத் தாங்கினவளைக் குனியச் சொன்னேன்.

மன்னிப்பு என்ற சொல்லை எழுதி எழுதி அடித்துவிட்டேன். எனக்கு அது வரவில்லை, நீயும் "சரி விடுடா" என்பாய். தெரிந்த வேலையைச் செய்திருக்கிறேன். படத்தின் முடிவில், அணைச் சுவரை முதுகில் தாங்கிக்கொண்டிருக்கும் தூணனிடம் அந்தக் குழந்தை, மழை வருமா என்று கேட்கும். வரும் போலிருக்கு, குடை எடுத்துக்கிட்டியா, மெதுவா போ, ஒண்ணும் அவசரமில்ல என்பான் தூணன். இருநூறு பேரும் சிரித்தார்கள். சிரித்த அதே வாயோடு அழுதார்கள். அப்புறம் ஊர்க்காரர்கள் தப்பித்து மேட்டில் நின்று பார்க்க, தூணன் கடைசியாக ஒருமுறை நிமிர்ந்து நிற்பான். காமிக்ஸில் அது இல்லை. நான் கேட்டு வாங்கியது. அந்த நிமிர்வுக்கு மட்டும் முகத்தின் இருபத்தேழு மோட்டாரையும் ஒன்றாக ஓட்டினேன். அதைப் பார்க்கும்போது நீ என் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மாஸ்டர் தன் குருவைப் பார்க்க வேண்டுமாம், ஒரு மாதமாக அரிக்கிறார். அந்தக் குழந்தையோ, நிஜத் தூணன் பொண்ணாமே, நாற்காலியை அழுத்திப் பார்ப்பாங்களா என்று கேட்டுக் கேட்டு அவள் அம்மாவைப் படுத்தி எடுக்கிறாள். நேற்று அரங்குக்குப் போய் உன் இருக்கையைப் பார்த்துவிட்டு வந்தேன். ஓரத்து இருக்கை, கைப்பிடியைக் கழற்றிவிடலாம், முன்னால் கால் நீட்ட இடமிருக்கிறது, நாலு போல்ட்டையும் நானே முறுக்கினேன். அப்படியும் நீ கையால் அழுத்தித்தான் பார்ப்பாய். பார். அந்தச் சின்னப் பெண் அதற்காகத்தான் காத்திருப்பாள்.

ரயில் சீட்டு இத்துடன் இருக்கிறது. ஸ்டேஷனுக்கு நான் வருவேன், முன்கூட்டியே வந்து நிற்பேன், அது ஒன்றும் புதிதில்லை. பெட்டியை நீ தூக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று, அக்கா. அரங்கத்து வாசலை டேப் வைத்து அளந்துவிட்டேன். ஏழு அடி எட்டு அங்குலம். உள்ளே வந்த பிறகும் எங்கேயும் தாழ்வு இல்லை. குனியாமல் வா.

உனக்காக வாசலில் நிற்கும்,
தம்பி