ஓநாய்ப் புத்தகம் என்னோடு வருகிறது

பெரிய மனுஷரே,

நேற்றிலிருந்து உங்களோடு பேசுவதில்லை என்று இருப்பதால், எழுதி வைத்துவிட்டு நூலகத்துக்கு வேலைக்குக் கிளம்புகிறேன். "பனிக்காலப் புத்தகம்னா எல்லாம் ஒண்ணுதானே, இதுல வயசு என்ன வேண்டிக் கிடக்கு?" என்று நம் நாலு வயது மகனுக்கு ஓநாய்க் கதையைப் படித்துக் காட்டியவர் நீங்கள். பட்டப்பகலில் கழிவறைக்குத் துணை கேட்டு அவன் இழுத்துக்கொண்டு போனதோ என்னை.

இன்றைக்கு மேசையில் மூன்று புத்தகம் வைத்திருக்கிறேன். கெட்டி அட்டையில் பனிக்கரடி போட்டது கைக்குழந்தைக்கு. கடிப்பாள், கடிக்கட்டும். கையுறையைத் தொலைத்த முயல் சின்னவனுக்கு. கடைசிப் பக்கத்தில் அது கிடைத்துவிடும் என்று முதலிலேயே சொல்லித் தொலைக்காதீர்கள். துருவப் பயணம் பதினொரு வயதுப் பெரியவளுக்கு.

சூப் அடுப்பில் இருக்கிறது, சூடு பண்ணிக் கொடுங்கள். அடுப்பையும் துடைத்துவிடுங்கள். காலையில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

அதற்குக் காரணம் அந்த ஓநாய்தான். ஒளித்து வைக்கலாம் என்று எடுத்தவள் ஒரு பக்கம் புரட்டினேன், நின்றபடியே பாதி படித்துவிட்டேன். மீதிக்காக அது என் கைப்பையில் வருகிறது. சிரிக்க வேண்டாம். நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன்.

சொல்ல மறந்துவிட்டேன்: முயல் கதை படிக்கும்போது பெரியவள் கதவோரம் வந்து நிற்பாள். "அதெல்லாம் குழந்தைங்களுக்கு" என்று என்னிடம் உதட்டைச் சுழித்தவள்தான். கூப்பிடாதீர்கள், திரும்பியும் பார்க்காதீர்கள். கொஞ்சம் சத்தமாகப் படியுங்கள், போதும்.