ஆப்பிரிக்கா ரோஜா பூத்துவிட்டது, மச்சான்

என் அருமை மச்சான் அருளப்பனுக்கு,

பூத்துவிட்டது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். நீ திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த ரோஜா, விழுப்புரத்தில் என் வீட்டில், இந்தப் பொங்கலன்று பூத்தது. உள்ளங்கையை விரித்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு பெரிய பூ.

ஒரு பூவுக்கா இத்தனை கூச்சல் என்று நீ கேட்பாய். அது எந்தப் பாடுபட்டுப் பூத்தது என்று உனக்குத் தெரியாதே. நீதான் பாதியிலேயே எழுந்து போய்விட்டாயே.

நீ கடைசியாகச் சீர் கொண்டுவந்த பொங்கல் நினைவிருக்கிறதா? வழக்கம்போல் கரும்பு, மஞ்சள் கொத்து, உன் ரைஸ்மில் பச்சரிசி, உன் தங்கச்சி பிலோமினாவுக்கு ஒரு புடவை. அதோடு ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பையில் இந்தச் செடி. "இன்னாண்ணா இது, சீர்ல முள்ளுச் செடி?" என்று பிலோ கேட்டாள். "ஆப்பிரிக்கா ரோஸ் பிலோ. நர்சரிக்காரம்மா சொல்லிச்சு. மோந்து பாரு" என்றாய். செடியில் ஒரே ஒரு பூ இருந்தது. நானும் குனிந்து முகர்ந்தேன். பழுத்த கொய்யாவும், புதிதாகத் திறந்த டீத்தூள் டப்பாவும் சேர்ந்தாற்போல ஒரு வாசனை.

அந்த நிறத்துக்குத்தான் எனக்குப் பேர் தெரியவில்லை. தையல் கடை வைத்திருப்பவன் நான். நூல்கண்டு பெட்டியைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ஆரஞ்சும் ஒத்துவரவில்லை, ரோஸும் ஒத்துவரவில்லை. பப்பாளிச் சாற்றில் பால் ஊற்றினால் வருமே, ஏறக்குறைய அது.

எங்கள் தோட்டம் எவ்வளவு என்று உனக்குத் தெரியும். இரண்டு கட்டில் போட்டால் நிறைந்துவிடும். கிழக்கே ஜன்னலோரம் வைக்கலாம் என்று நான் சொன்னேன். நீ கேட்டாயா? "ஆப்பிரிக்கா வெயில்ல வளந்த செடி மாப்ள. நம்ம ஊரு வெயில்லாம் அதுக்கு ஜுஜுபி" என்று சொல்லி, சாயங்கால வெயில் முழுக்க விழுகிற மதிலோரமாய்க் குழி தோண்டினாய். எருவுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் புண்ணாக்கு போட்டு, மண்ணை உன் கையாலேயே தட்டி மூடினாய். உன் கைவிரல் பதிந்த மண்ணைப் பார்த்து நான் சிரித்தேன்.

அந்த ஆனி மாதம், மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் மூட்டைமேல் உட்கார்ந்தாய், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? எனக்கு ரொம்ப நாள் உன்மேல் கோபம் இருந்தது, மச்சான். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம்.

செடியும் சரியில்லை. மதில் சூடு அனலாய் அடித்தது. இலை ஓரமெல்லாம் கருகியது. மொட்டு வந்தால் காய்ந்தது. தப்பித்து விரிந்த ஒன்றிரண்டும் பொழுது சாய்வதற்குள் வெளுத்துப்போயின. இடம் மாற்றலாம் என்று வாயைத் திறந்தேன். பிலோ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "எங்கண்ணன் கையால வச்ச செடி. வச்ச எடத்துலதான் இருக்கும். கை வச்சீங்க, அப்புறம் இருக்குது" என்றாள். காலையும் மாலையும் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினாள். பூச்சி மருந்துக்காரனிடம் கேட்டாள், அந்தோணியாரிடமும் கேட்டாள்.

அடுத்த பொங்கலுக்குச் சீர் வரவில்லை. யார் கொண்டுவருவார்கள்? அன்றைக்கு முழுக்க அவள் வாசல் பக்கம் திரும்பவே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தக் கோடையில் செடியில் ஒரே ஒரு கிளை பச்சையாக மிஞ்சியது. அதுவும் பட்டுப்போனால் அவள் உன்னை இன்னொரு தடவை அடக்கம் செய்ததாக ஆகிவிடும் என்று எனக்குத் தெரிந்தது.

அதனால் ஒரு திருட்டு வேலை செய்யப் பார்த்தேன். அதே மாதிரி இன்னொரு செடி வாங்கிவந்து, அவள் பூசைக்குப் போகும் நேரத்தில் மாற்றி நட்டுவிடுவது. சிரிக்காதே. கடையைச் சாத்திவிட்டுத் திண்டிவனம் போய், ரோட்டோரத்தில் அந்த நர்சரியைக் கண்டுபிடித்தேன்.

"ஆப்பிரிக்கா ரோஸ் இருக்குதாம்மா?"

செடிகளுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படி ஒண்ணு நான் வித்ததே இல்லியே சார்."

நிறத்தைச் சொன்னேன், வாசனையைச் சொன்னேன். அவ்வளவுதான், அந்த அம்மா தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். "ஐயோ, அது ஆப்ரிகாட்டுங்க! ஆப்ரிகாட்னு ஒரு பழம், குளிர் ஊருல காய்க்கிறது. அந்தப் பழத்துக் கலரு. ஒருத்தரு வந்தாரே, மில்லுல வேலைன்னு சொல்லிக்கினு? ரெண்டு தபா சொன்னேன். 'ஆமா ஆமா, ஆப்பிரிக்கா'ன்னு தலைய ஆட்டிக்கினு போனாரு."

மச்சான்! முப்பது வருஷம் மில் சத்தத்தில் நின்ற உன் காதை நம்பி, குளிர் தேசத்துப் பழத்தின் பேர் வைத்த பூவை வெயிலில் நிறுத்திவிட்டோமே!

காலை வெயில் போதும், மத்தியானம் நிழல் வேண்டும், மதிலோரம் ஆகவே ஆகாது என்றார் அந்த அம்மா. மழை தொடங்கியதும் கிளையைக் குறைத்து, வேரோடு ஒட்டிய மண் உதிராமல் எடுத்து மாற்றச் சொன்னார். "புதுசு ஒண்ணு தரட்டுங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து பிலோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் திருட்டு யோசனை உட்பட. முதலில் முறைத்தாள். 'ஆப்பிரிக்கா' விஷயம் வந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பார், கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் சிரித்தாள். உன்னை அடக்கம் செய்த பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எங்கண்ணன் தப்பா வைக்கல. தப்பாக் கேட்டுக்கினு வச்சுது. அப்ப மாத்தலாம்."

ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் மாற்றினோம். மண்வெட்டியை என் கையில் தரவே இல்லை, அவளே தோண்டினாள். ஈரக் கோணியில் வேரைச் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக் கிழக்கே ஜன்னலோரம் கொண்டுபோனாள். மிச்சமிருந்த இலையும் கொட்டிவிட்டது. வெறும் குச்சி. உயிர் இருக்கிறதா என்று நான் தினமும் நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன். "தெனம் சொரண்டினா எந்தச் செடிங்க பொழைக்கும்? ஒரே பேஜாரு உங்களோட" என்று திட்டுவாள்.

ஒருநாள் கடைக்கு அவளிடமிருந்து போன் வந்தது. "ஜல்தி வாங்க!" கழுத்தில் அளவு டேப்போடு ஓடினேன். குச்சியின் கணுவில் செக்கச்சிவந்த துளிர், அரிசி அளவுக்கு.

அன்றைக்கே உன் வீட்டுக்கும் போன் போட்டோம். உன் வீட்டுக்காரி ஸ்டெல்லா இப்போது ஸ்கூட்டி ஓட்டுகிறாள், தெரியுமா? திண்டிவனம் மார்க்கெட் கூட்டத்திலேயே ஓட்டுகிறாளாம். ஆப்பிரிக்கா கதையைக் கேட்டுவிட்டு, "இது இன்னாண்ணே பெருசு, பொண்ணு பாக்க வந்தப்ப என் பேரையே சுசீலான்னுதான் கேட்டுக்கினு போச்சு உங்க மச்சான்" என்றாள். இதை நீ எங்களிடம் சொல்லவே இல்லையே!

மார்கழிப் பனியில் மொட்டு வந்தது. பொங்கலன்று விடிந்தபோது விரிந்திருந்தது. அதே நிறம், அதே வாசனை.

நான் எல்லாம் முடிவு செய்து வைத்திருந்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, கடைக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு செடியிடம் போனேன். தலைக்குக் குளித்துவிட்டு வந்த பிலோ, "எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள்.

"திண்டிவனத்துக்கு. மொதப் பூ அவன் கல்லறைக்குத்தானே?"

அவள் கத்தரிக்கோலை வாங்கி, பூவைக் காம்போடு நறுக்கினாள். என்னிடம் ஒரு ஹேர்பின்னைக் கொடுத்துவிட்டு முதுகைத் திருப்பி நின்றாள். "எங்கண்ணன் இத எனக்குக் கொண்டாந்துது. திருப்பிக் குடுத்தா அதுக்கு மனசு ஒடைஞ்சிடும். வச்சி வுடுங்க."

எத்தனையோ கல்யாண ரவிக்கைக்குக் கொக்கி வைத்த கை, அன்றைக்கு ஒரே ஒரு பின்னை மூன்று தடவை பிடுங்கிச் செருகியது. பொங்கல் பூசைக்குப் புறப்பட்டோம். தெருமுனையில் எதிர்வீட்டு அம்மா நிறுத்தி, "இன்னாக்கா, ரோசா சூப்பரா இருக்குது! எங்க வாங்கினே?" என்று கேட்டாள்.

"வாங்கல. எங்க அண்ணன் சீர்" என்றாள் உன் தங்கச்சி.

ஆகையால் மச்சான், உன் கல்லறைக்கு நான் வெறும் மெழுகுவர்த்தியோடுதான் வருவேன், கோபித்துக்கொள்ளாதே. பூவைக் கேட்காதே, அது அவளுடையது. தண்ணீரும் எருவும் என் பொறுப்பு. என் கையில் தெம்பு இருக்கிறவரைக்கும், உன் தங்கச்சிக்குச் சீர் வராத பொங்கல் இன்னொன்று வராது.

இப்படிக்கு,
உன் தங்கச்சியைக் கட்டிய மாப்பிள்ளை,
சூசை