இடப்பக்கம் இழுக்கும் கார்

வெள்ளி, இரவு.

கார் ஓட்டப் பழகத் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. வண்டி இடப்பக்கமே இழுத்துக்கொண்டு போகும். "ஸ்டியரிங்கை நேராப் பிடின்னு எம்புட்டுத் தடவை சொல்றது?" என்று வீட்டுக்காரர் தினமும் திட்டுவார். எனக்கு வராது, விட்டுவிடலாம் என்று முடிவே செய்திருந்தேன்.

இன்று மல்லாங்கிணறு சாலையில் நான் ஓட்டும்போது, வேகத்தடையில் ஏறி இறங்கியதும் முன்பக்கம் 'டக்' என்று சத்தம் வந்தது. விருதுநகரில் மெக்கானிக்கிடம் காட்டினோம். இடது டயரின் உள்பக்கம் மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருந்தது.

"சக்கரத்தைத் தாங்குற சஸ்பென்ஷன்ல ரப்பர் புஷ் போயிருச்சுண்ணே. அக்கா நல்லாத்தான் ஓட்டுறாக. வண்டிதான் இழுக்குது" என்றார் அவர்.

புது புஷ் மாட்டி, சக்கரங்கள் நேராக நிற்க அலைன்மென்ட்டும் பார்த்த பிறகு, வீட்டுக்காரர் சாவியை என்னிடம் நீட்டினார். "நீயே ஓட்டு. தப்பா பேசிட்டேன்."

சிவகாசி வரை நேராக ஓட்டி வந்தேன். திங்கட்கிழமை நான் வேலை பார்க்கும் அச்சு பிரஸ்ஸுக்குப் பஸ்ஸில் போகப் போவதில்லை, காரில்தான். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.